ஓனர் விடமாட்டார்

மே 3, சனி

அணியின் டயட்டீஷியன் தினமும் சாப்பிடுவதை எல்லாம் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். நான் சாப்பிடுவதை உள்ளபடி எழுதினால் அந்த அம்மாள் வேலையை விட்டுவிடுவார். ஆகவே மற்றதை எழுதுகிறேன். டைரி ஓனர் கொடுத்தது. அட்டையில் ரிக் வண்டியின் படம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'ஆழ்துளைக் கிணறு அமைக்க அணுகவும்'.

பெயர் ஜெசிந்தா. ஊர் தூத்துக்குடி. வயது இருபத்தெட்டு, உயரம் ஆறடி ஒன்று. டவுன் பஸ்ஸில் தலை இடிக்கிற உயரம், கல்யாணத் தரகர்கள் போனை எடுக்காத உயரம். பிழைப்பு கூடைப்பந்து. திருச்செங்கோடு டிரில்லர்ஸ் அணிக்கு நான்தான் சென்டர். கூடைக்கு அடியில் நின்று இடிப்பதும் இடிபடுவதும் வேலை.

ஓனர் அர்த்தநாரிக்கு நாடு முழுக்க போர்வெல் வண்டிகள் ஓடுகின்றன. பெண்களுக்கென்று தனியார் லீக் தொடங்கியதும் ஓர் அணியை வாங்கிப் போட்டார். வாங்கிய கையோடு, போர்வெல் போடத் தண்ணீர் இருக்கும் பாயிண்ட் பார்க்கிற ஆளைக் கூட்டி வந்து எங்களை வரிசையாக நிறுத்தினார். அந்த ஆள் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தி முன்னாலும் நடந்தார். என் முன்னால் வந்தபோது தேங்காய் எழுந்து நின்றது. அன்றே இரண்டு வருட ஒப்பந்தம். என் பத்து வருட ஆட்டத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று மாலை சேதி வந்தது. ஆசியத் தகுதிச் சுற்றுக்கான இந்திய முகாமுக்குப் பதினெட்டுப் பேரை அழைத்திருக்கிறார்கள். அதில் நானும் இருக்கிறேன். மே 14 பெங்களூரில் ஆஜராக வேண்டும். எங்கள் லீக்கின் அரையிறுதி மே 17. அட்டவணை போடுகிறவர்கள் ஒருவர் காலண்டரை இன்னொருவர் பார்ப்பதே இல்லை.

அறைத்தோழி பிரமிளா, எங்கள் கேப்டன், என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்து, முடியாமல் விட்டாள். "ஓனர் விடுவாராடி?" என்று கேட்டாள்.

"விடமாட்டார்" என்றேன். சீசன் முடியும்வரை வேறெங்கும் ஆடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கதை முடிந்தது. பள்ளிபாளையம் சிக்கன் இரண்டு தட்டு சாப்பிட்டுப் படுத்தேன்.

மே 4, ஞாயிறு

ஓய்வு நாள். துணி துவைத்தேன். பழைய முகாமில் கொடுத்த நீலப் பயிற்சிச் சட்டை மூட்டைக்கு அடியில் கிடந்தது. அதைத் தனி வாளியில் அலசினேன். சாயம் போகும் என்பதற்காகத்தான்.

மே 5, திங்கள்

தேசிய அணியின் கோச் சூசம்மா மேடம் கூப்பிட்டார். கோட்டயத்துக்காரர். தமிழில் திட்டினாலும் பிரார்த்தனை மாதிரி இருக்கும்.

"ஜெசிந்தே, நீ இந்தத் தடவை வரணும் கேட்டோ. உள்ளே நின்னு ஆடான் எனிக்கு ஆள் இல்ல."

"கிளப்ல விடமாட்டேங்காங்க மேடம்."

"ஆரு சொன்னது?"

"ஓனர்."

மேடம் மலையாளத்தில் ஏதோ சொன்னார். அது நிச்சயமாகப் பிரார்த்தனை இல்லை.

அடுத்தது அம்மா. அம்மாவுக்கு யார் சொன்னார்களோ, எங்கள் தெரு இளைஞர் மன்றத்துக்கு அம்மா சொல்லியாகிவிட்டது. ஓனர் விடமாட்டார் என்றேன்.

"ஏட்டி, அந்த ஓனரு என்ன மனுசன்? நாட்டுக்கு ஆடப் போற பிள்ளைய மறிக்கான்! அவன் வெளங்குவானா? இங்க பயலுவ ஃப்ளெக்ஸ் அடிக்கணும்னு போட்டோ கேக்கானுவ."

"போட்டோ ஒண்ணும் குடுக்காதம்மா" என்று கத்தினேன். பிரமிளா திரும்பிப் பார்த்தாள்.

ஃப்ளெக்ஸ் கதை இதுதான். எனக்கு இது நான்காவது முகாம். முகாமுக்குப் பதினெட்டுப் பேரைக் கூப்பிடுவார்கள், கடைசி நாளில் பன்னிரண்டு பெயரைப் படிப்பார்கள். மூன்று முறையும் நான் அந்தப் பன்னிரண்டில் இல்லை. இரண்டாவது முறை, பதிமூன்றாவது ஆள் நான்தான் என்று ஓர் அதிகாரி ஆறுதல் சொன்னார். முதல் முறை நான் ரயில் ஏறும்போதே எங்கள் தெருவில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள்: 'இந்தியாவுக்காக ஆடும் எங்கள் தங்கமே!' தங்கம் பெட்டியோடு திரும்பி வந்தபோதும் அது தொங்கிக்கொண்டிருந்தது. கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை. அதன் கீழே நடந்துதான் தினமும் பால் வாங்கப் போனேன். ஆறு மாதம் கழித்து, கூரை ஒழுகுகிறது என்று மீன் கடைக்காரர் அதைக் கழற்றி மேலே விரித்தார். என் முகம் மல்லாந்து கிடக்க, மேலே காக்கைகள்.

இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஓனர் விடமாட்டார், அவ்வளவுதான்.

மே 7, புதன்

கோவை அணியை ஜெயித்தோம். கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கிற ரீபவுண்ட் மட்டும் பதினேழு எடுத்தேன். ஓனர் மைதானத்துக்குள் வந்து, புது வண்டிக்குச் சுற்றுவதுபோல எனக்குப் பூசணிக்காய் சுற்றி வாசலில் உடைத்தார். எதிரணி கோச் அதில் வழுக்கி விழப் பார்த்தார்.

திரும்பும் வழியில் பிரமிளா கேட்டாள்: "இன்னிக்கு நல்ல மூடுல இருக்காரே, கேட்டியா? என்ன சொன்னாரு?"

"அவர் என்ன சொல்வார், உனக்குத் தெரியாதா?"

"அதுவும் சரிதான்" என்று தூங்கிப்போனாள்.

மே 8, வியாழன்

யூடியூபில் விளையாட்டுச் சேனல் நடத்தும் ஒரு தம்பி வீடியோ போட்டிருக்கிறான். தலைப்பு: 'நாடா, போர்வெல்லா?' முகப்பில் நான் அழுவது போன்ற படம். அது நான் கொட்டாவி விட்டபோது எடுத்தது. மதியத்துக்குள் லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். ஓனர் குடும்பத்தில் யாரையும் விட்டுவைக்காமல் கீழே கமெண்ட்டில் திட்டியிருக்கிறார்கள்.

மே 9, வெள்ளி

ஊர் முழுக்கப் போஸ்டர். 'பாரதத் தாயின் மகளைப் பூட்டி வைத்திருக்கும் முதலாளியே, பதில் சொல்!' ஓனரின் ரிக் ஷெட் வாசலிலேயே எட்டு ஒட்டியிருக்கிறார்கள். கீழே ஏழு பேர் கைகூப்பிக்கொண்டு நிற்கிறார்கள். ஏழில் ஒரு முகம்கூட எனக்குத் தெரியாது. பாரதத் தாயின் மகளுக்குப் படம் போட இடம் இல்லை.

பூட்டி வைக்கப்பட்ட மகள் காலையில் ஆறு இட்லியும் இரண்டு பூரியும் சாப்பிட்டாள்.

மே 10, சனி

பயிற்சி முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது ஓனர் வந்தார். முகம் இறுகியிருந்தது. எங்கள் முன்னாலேயே கூடைப்பந்து சம்மேளனத்துச் செயலாளருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஓனருக்கு எல்லாமே ஸ்பீக்கர்தான். டிரில்லிங் சத்தத்தில் பேசிப் பழகியவர்.

"ஏனுங்க, ஊரெல்லாம் என்னயப் போஸ்டர் ஒட்டித் திட்டறாங்க. சரி, பேசுவமுங்க. எங்க ரிக்க உங்க சைட்டுக்கு அனுப்பறோம்னு வெச்சுக்குங்க. அங்க பாறைல டிரில் பிட்டு மாட்டிக்கிச்சுன்னா யாரு செலவுங்க? அந்த அம்மிணிக்கு முட்டி போயிருச்சுன்னா அடுத்த சீசன் எனக்கு யாருங்க ஆடுவா? இன்சூரன்ஸ் போடுவீங்களா?"

உலகத்தில் பெரிய பெரிய கிளப்புகள் வக்கீல் வைத்துக் கேட்கிற கேள்வி. ஓனர் பனியனோடு நின்று கேட்டார்.

"அதெல்லாம் பேசி முடிக்கலாம் சார்" என்றார் செயலாளர். "ஆனா நீங்கதான் முதல்லயே முடியாதுன்னுட்டீங்களே."

"நானுங்களா? யாருகிட்டங்க சொன்னேன்?"

"பிளேயர்தான் கோச்கிட்ட சொன்னாங்க. ஓனர் மறுத்துட்டார்னு."

ஓனர் என்னைப் பார்த்தார். பிரமிளா என்னைப் பார்த்தாள். நான் ஷூ லேஸைப் பார்த்தேன். நல்ல லேஸ், இரண்டு பக்கமும் ஒரே நீளம்.

"அப்புறம் கூப்பிடறனுங்க" என்று ஓனர் போனை வைத்தார். வண்டியேறிப் போய்விட்டார்.

மே 11, ஞாயிறு

ஓனர் ஷெட்டுக்கு வரச் சொன்னார். ஒரு ரிக்குக்கு அடியில் பாதி உடம்பை விட்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"அம்மிணி, நீங்க எங்கிட்டக் கேக்கவே இல்லீங்களே."

"இல்ல சார்."

"ஒரு வார்த்த கேக்கலைங்க. ஆனா ஊருக்கே நான் வில்லன். எங்க அக்கா சேலத்துல இருந்து கூப்புட்டு, உனக்கு எதுக்குடா இந்தப் பாவம்னு அழுகுது. எதுக்குங்க என்னய நடுவுல நிறுத்துனீங்க?"

ஒப்பந்தம், அரையிறுதி, அணியின் நலன் என்றெல்லாம் வாயில் வரிசையாக வந்து நின்றன. எல்லாவற்றையும் ஓரம் தள்ளினேன். "மூணு தடவை போயிட்டுத் திரும்பி வந்திருக்கேன் சார்" என்றேன். "மறுபடியும் போயிப் பேர் வரலைன்னா... உங்க பேரச் சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

அவர் வெகுநேரம் கையையே துடைத்துக்கொண்டிருந்தார். கையில் அவ்வளவு கிரீஸ் இல்லை.

"கேட்டிருந்தா நான் விட்டிருக்க மாட்டனுங்க" என்றார். "அது வேற விசயம். முட்டிக்கு இன்சூரன்ஸ் இல்லாம அனுப்பவே மாட்டேன். ஆனா இப்ப விடலைன்னா வண்டியக் கொளுத்திருவானுங்க. கேக்காமயே விட வெச்சுட்டீங்க. போங்க. அந்தச் செயலாளரு இன்சூரன்ஸுக்கு எழுதிக் குடுத்துட்டாரு."

"நான் அந்த சேனல்ல உண்மையச் சொல்லிருதேன் சார்."

"வேண்டாமுங்க, உட்டுருங்க. நாங்க போர் ஓட்டறவங்க. தண்ணி வந்தா அவங்க நெலத்து ராசிங்கறாங்க. தண்ணி இல்லாம வெறும் புகை வந்தா எங்களத்தான் பேசறாங்க. பழகிப்போச்சு."

சரி என்றேன். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டேன். அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

மே 12, திங்கள்

வலது முழங்கால் லேசாக வலிப்பதுபோல் இருந்தது. பிசியோவிடம் காட்டினேன். அழுத்தினார், மடக்கினார், குதிக்கச் சொன்னார். "குதிரை மாதிரி இருக்கு, பெங்களூருக்கு நடந்தே போகலாம்" என்றார்.

முழங்காலும் கைவிட்டுவிட்டது.

மே 13, செவ்வாய்

பெட்டி கட்டினேன். பிரமிளா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமையிலிருந்து என்னுடன் பேச்சு இல்லை. பிரமிளாவுக்கு முப்பத்து மூன்று வயது, இரண்டு குழந்தைகள். எத்தனையோ அணிகளுக்கு ஆடியிருக்கிறாள், ஒரு கோப்பைகூடக் கையில் தூக்கியதில்லை. இதுதான் கடைசி சீசன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவள்.

"அரையிறுதில உள்ள யாரு நிப்பா?" என்றாள் கடைசியில்.

"புதுசா வந்த அந்த ஓசூர்க்காரி நிப்பா."

"அதுக்கு இன்னும் இடிக்கவே தெரியாது. இடிச்சுட்டு சாரி சொல்லுது." தலையணையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "எங்கிட்டயும் பொய் சொன்ன பாத்தியா, அதுதான் எனக்குத் தாங்கல. பயமா இருக்குன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே? நானும்தான் பயந்தவ."

நான் சட்டையை மடித்துக்கொண்டே இருந்தேன். நீலச் சட்டையை மேலே வைத்தேன், பிறகு அடியில் வைத்தேன்.

"போ" என்றாள். "ஆனா பதிமூணாவது ஆளா திரும்பி வந்தேன்னு வெச்சுக்க, உன்னைச் சும்மா விடமாட்டேன்."

மே 14, புதன்

பெங்களூர். பதினெட்டுப் பேர். பஞ்சாபிலிருந்து வந்திருக்கும் சென்டருக்குப் பத்தொன்பது வயது, ஆறடி நான்கு. என்னை 'தீதி' என்கிறாள், அக்காவாம். மாலைப் பயிற்சியில் என் தலைக்கு மேல் கையை நீட்டிப் பந்தை எடுத்துவிட்டு, "சாரி தீதி" என்றாள். இவர்கள் எல்லோரும் ஏன் சாரி சொல்கிறார்கள்?

மே 17, சனி

மெஸ்ஸில் ரசத்துக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து அரையிறுதி பார்த்தேன். மூன்று புள்ளியில் தோற்றோம். கடைசி நிமிடத்தில் மட்டும் எங்கள் கூடைக்கு அடியில் நான்கு ரீபவுண்ட் போயிற்று. நான்கும் நான் எடுத்திருக்கக் கூடியவை. இதைப் பெருமைக்கு எழுதவில்லை.

பிரமிளா போனை எடுக்கவில்லை. ஓனர் எடுத்தார். "தோத்துட்டமுங்க" என்றார். "ஆமாங்க சார்" என்றேன். "நீங்க இருந்திருந்தா ஜெயிச்சிருப்பமுங்க" என்றார். அதற்கும் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

மே 20, செவ்வாய்

ஓடினேன். இடித்தேன். சப்பாத்தி. ஓடினேன்.

மே 22, வியாழன்

பஞ்சாப்காரியை முதுகைக் கொடுத்துப் பின்னால் நகர்த்துவது எப்படி என்று கண்டுபிடித்துவிட்டேன். அவளுக்கு உயரம் இருக்கிறது, இடுப்பு இல்லை. இன்று மூன்று முறை அவளை விளம்பரப் பலகை வரை தள்ளிக்கொண்டு போனேன். மேடம் குறித்துக்கொண்டாரா என்று பார்த்தேன். பார்க்கவில்லை என்று எழுதத்தான் ஆசை, ஆனால் பார்த்தேன்.

மே 24, சனி

காலை உணவு இறங்கவில்லை. டயட்டீஷியன் வேண்டுமானால் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பத்து மணிக்கு எல்லோரையும் தரையில் உட்கார வைத்தார்கள். முந்தைய முகாம்களில் அகர வரிசையில் படிப்பார்கள். என் எழுத்து தாண்டியதுமே தெரிந்துவிடும், மீதி நேரம் கைதட்டிக்கொண்டிருக்கலாம். இந்த முறை எந்த வரிசையும் இல்லாமல் படித்தார் மேடம். ஆறு, ஏழு, எட்டு. பஞ்சாப்காரி ஒன்பதாவது. பத்து. பதினொன்று. எனக்குக் காதில் மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஜெசிந்தா."

நான் செய்த முதல் காரியம், பின்னால் திரும்பி வேறு ஜெசிந்தா யாராவது உட்கார்ந்திருக்கிறாளா என்று பார்த்தது. பின்னால் சுவர்தான் இருந்தது.

பாத்ரூமுக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். இவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன் என்று எனக்கே யாரும் சொல்லவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா உடனே ஆரம்பித்தாள்: "அந்த ஓனரு மூஞ்சில கரியப் பூசிட்டட்டி! மறிச்சான்லா? இப்ப பாக்கட்டும்!"

"அம்மா, அவர் மறிக்கல."

"நீதானட்டி சொன்ன?"

"பிறகு சொல்லுதேன்" என்று வைத்துவிட்டேன். சந்தோஷத்தில் பாதி அந்த இடத்திலேயே இறங்கிப்போனது.

பிரமிளாவுக்குச் சேதி அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று வந்தது. சாயங்காலம் இன்னொன்று வந்தது: "இடி. சாரி சொல்லாதே."

மே 28, புதன்

போட்டியும் பெங்களூரிலேயே என்பதால் வேறு அறைக்கு மட்டும் மாற்றினார்கள். சட்டை கொடுத்தார்கள். நைலான்தான். கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தேன், கழற்றினேன், மறுபடி போட்டேன்.

யூடியூப் தம்பி புது வீடியோ போட்டிருக்கிறான்: 'முதலாளியை எதிர்த்து ஜெயித்த சிங்கப்பெண்!' திருச்செங்கோட்டில் ஓனரின் வண்டி ஒன்றின் கண்ணாடியை யாரோ உடைத்துவிட்டார்களாம். பிரமிளாதான் எழுதியிருந்தாள். ஓனருக்குப் போன் போட்டேன். "கண்ணாடிதானுங்க, மாத்திக்கலாம். நீங்க ஆட்டத்தப் பாருங்க" என்றார். பின்னால், சேலத்திலிருந்து வந்துவிட்ட அவருடைய அக்கா யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைத்தான்.

ஜூன் 1, ஞாயிறு

கஜகஸ்தானுடன் முதல் ஆட்டம். தேசிய கீதத்தின்போது கண்ணில் தூசி விழுந்தது என்று எழுதலாம் என்று நினைத்தேன். விழவில்லை. அழுதேன்.

நான்காவது பகுதி வரை பெஞ்சில் இருந்தேன். தண்ணீர் பாட்டில் கொடுத்தேன், துண்டு கொடுத்தேன், கைதட்டினேன். கடைசி சில நிமிடங்கள் இருக்கும்போது மேடம் என் பக்கம் திரும்பாமலேயே "ஜெசிந்தே, போ" என்றார். உள்ளே போனேன். பந்து வந்தது. அவர்களுடைய சென்டரும் வந்தாள், ஒரு அலமாரி போல. இடித்தேன். இருவரும் விழுந்தோம். நடுவர் விசில் ஊதி என்னை நோக்கிக் கையை நீட்டினார்.

இந்தியாவுக்காக நான் செய்த முதல் சேவை ஒரு ஃபவுல். சாரி சொல்லவில்லை. அதற்கப்புறம் இரண்டு ரீபவுண்ட் எடுத்தேன், ஒரு கூடை போட்டேன். பத்தொன்பது புள்ளியில் தோற்றோம். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாகத் தோற்றதில்லை.

வெளியே வரும்போது தமிழ் டிவி ஒன்றின் நிருபர் மைக்கை நீட்டினார். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"மேடம், ஓனரோட தடைய மீறி நாட்டுக்காக வந்திருக்கீங்க. தமிழ்நாடே உங்களக் கொண்டாடுது. எப்படி ஃபீல் பண்றீங்க?"

சிரித்து, நன்றி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவரே விட்டுருங்க என்று சொன்ன விஷயம்தான். யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"அவர் தடுக்கல" என்றேன். "நான் அவர்கிட்டக் கேக்கவே இல்ல. மூணு தடவை முகாமுக்கு வந்து பேர் வராமத் திரும்பிப் போனவ நான். இந்தத் தடவையும் வராதோன்னு பயந்து, ஓனர் விடலைன்னு பொய் சொன்னேன். அவரு என்னை அனுப்பி வெச்சாரு. அதனால எங்க டீம் அரையிறுதில தோத்துப்போச்சு. எல்லாரும் அவரத் திட்டுனீங்க. திட்ட வேண்டியது என்னைய."

நிருபர் மைக்கை இறக்கினார். கேமராமேனைப் பார்த்தார். கேமராமேன் உதட்டைப் பிதுக்கினார்.

"மேடம், இது வேண்டாமே. இன்னொரு டேக் போயிரலாம்" என்றார் நிருபர், ரொம்ப மரியாதையாக. "கொஞ்சம் நாட்டுப்பற்றோட சொல்லுங்க."

சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, முதலிலிருந்து அதையே சொன்னேன்.